எரிமலைப் பாடத்தில் தண்ணீர்

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, விடுதிக் குறும்புகள் எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இன்றும் மறக்காமல் இருப்பது எரிமலைப் பாடம்.

எங்கள் புவியியல் சேருக்குப் பாடப்புத்தகத்தில் இருந்த எரிமலைப் படத்தைக் கண்டாலே ஆகாது. மலைக்கு அடியில் ஒரு சிவப்புக் குழாய், அது நேரே பூமியின் நடுவுக்கே இறங்கும். "கீழே நெருப்புக் கடல் ஒன்றும் இல்லை பிள்ளைகள், பெரும்பாலும் திடப்பாறைதான். அது ஏன் உருகுகிறது?" என்று கேட்பார். சூட்டினால் என்று யாராவது சொன்னால், "சூடு எங்கும் இருக்கிறது. எரிமலை ஏன் எங்கும் இல்லை?" என்று அடுத்த கேள்வி வரும்.

அவர் சொன்ன விடை தண்ணீர். பூமியின் மேற்பரப்பு மெல்ல நகரும் பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது. கடற்தரைத் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் நுழையும்போது, தன் கனிமங்களுக்குள் பிடித்துவைத்த நீரையும் கொண்டு போகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே உள்ள பாறையில் கலக்கிறது. பனிக்கட்டியில் உப்புத் தூவினால் குளிரிலும் உருகுவதுபோல, நீர் கலந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகுகிறது. உருகியது எடை குறைவு, ஆகவே மேலே வருகிறது. ஜப்பான், இந்தோனேசியா, தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடர் எல்லாம் இந்தக் கணக்குத்தான். ஐஸ்லாந்தில் தட்டுகள் விலகுவதால் அழுத்தம் குறைந்து பாறை உருகுகிறது என்று ஒரு வரியில் முடித்தார். ஹவாயைப் பிறகு பார்ப்போம் என்றார். பார்க்கவே இல்லை.

வெடிப்பிலும் அதே தண்ணீர்தான். பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் நீர், அழுத்தம் விட்டதும் ஆவியாகி விரிகிறது. குழம்பு இளகலாக இருந்தால் ஆவி சுலபமாகப் பிரிந்துவிடும், லாவா ஓடும். மணலில் இருக்கும் அதே சிலிக்கா கூடிப் பிசுபிசுப்பாக இருந்தால் அடைபட்டு வெடிக்கும். 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில் வடக்குச் சரிவு இடிந்து விழுந்ததும் உள்ளே இருந்த அழுத்தம் ஒரேயடியாக விட்டது. மலையின் உயரத்தில் சுமார் 400 மீட்டர் போய்விட்டது.

ஆனால் அவர் குரல் மாறியது கொலம்பியாவின் ஆர்மேரோ நகரத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான். 1985 நவம்பர் 13 இரவு நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. பெரிய வெடிப்பே அல்ல. உச்சியில் இருந்த பனி உருகி, சாம்பலோடு சேர்ந்து சேறாகப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. அது நகரத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எங்கெல்லாம் சேறு வரக்கூடும் என்று காட்டும் வரைபடம் முந்தைய மாதமே தயாராக இருந்தது. ஆனாலும் 20,000 பேருக்கு மேல் இறந்தார்கள். "இதில் இயற்கையின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு?" என்று எழுதச் சொன்னார். பரீட்சைக்கு வராத கேள்வி என்று எங்களில் பலர் முணுமுணுத்தோம்.

நான் பள்ளியை விட்ட பிறகு, 1991இல் பிலிப்பைன்சின் பினாத்துபோ எரிமலை வெடித்தது. அங்கே எச்சரிக்கையைக் கேட்டுப் பல்லாயிரம் பேர் முன்கூட்டியே வெளியேறினார்கள். அதன் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியை மறைத்ததில் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் அரை பாகை செல்சியஸ் இறங்கியது. அப்புறம் 2022 ஜனவரியில் பசிபிக் தீவு நாடான தொங்காவில் கடலுக்கடியில் ஒரு வெடிப்பு. அது கந்தகத்தைவிட நீராவியைத்தான் வாரி இறைத்தது. மேல்வளிமண்டலத்தின் படைமண்டல நீராவி சுமார் 10 சதவீதம் கூடியது. சேர் இருந்திருந்தால், அந்த ஒரு வெடிப்புக்கே இரண்டு பாடவேளை எடுத்திருப்பார்.