மீட்டர் பூஜ்யம் காட்டாது

புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக வேலை. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்கு பிராக்கிதெரபி, அதாவது உடம்புக்குள்ளேயே கதிர்ப்பொருளை வைத்துத் தரும் சிகிச்சை, நடக்கும் நாட்களில் நோய் குணமாகுமா என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்வார்கள். என்னிடம் வருவது வேறு. "இவர் உடம்புல கதிர் தங்கிடுமா சார்? பேரப்புள்ளைய மடியில வச்சுக்கலாமா?" பெரும்பாலும் மனைவிதான் கேட்பார்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அயோடின்-125 விதைகளை, அதாவது கதிர்வீசும் குறுமணிகளை, உள்ளேயே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே 60 நாள் ஆகும்; முதல் இரண்டு மாதம் குழந்தைகளை மடியில் நெடுநேரம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் மகன் அதைப் படித்துவிட்டு போனில் சொல்லியிருப்பான்.

எங்களிடம் இருப்பது எச்.டி.ஆர். கருவி; குறைந்த நேரத்தில் அதிகக் கதிர் கொடுப்பது. கம்பி நுனியில் அரிசியைவிடச் சிறிய, கதிர்வீசும் இரிடியம்-192. ஊசிகள் வழியே உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும். முதுகில் மரப்பு ஊசி போட்டு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி டாக்டர் பதினைந்து பதினாறு ஊசிகளைச் செலுத்துவார். 1983-இல் கோபன்ஹேகனில் டாக்டர் ஹோல்ம் குழுவினர் காட்டிய வழி இது. அதற்குமுன் வயிற்றைத் திறந்து விதைகளைக் கைக்கணக்காக வைத்தார்கள்.

கதிர் பாய்வது சில நிமிடம்தான். கஷ்டமெல்லாம் அதற்கு முந்தைய காத்திருப்பில். சி.டி. எடுத்து, சிறுநீர்ப்பாதைக்கும் மலக்குடலுக்கும் அளவு மீறாமல் நான் கணக்குப் போட்டு முடிக்கும்வரை அவர் புரளக்கூடாது. ஊசி 3 மி.மீ. நழுவினாலும் என் கணக்கு வீண். இடுப்பு வலிக்குது என்று முனகுவார்கள். ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்: "ரெண்டு மாசம் முந்தி என் மச்சானுக்கு எட்டு நிமிஷம், எனக்கு மட்டும் பதினாலா?" ஆளுக்கு ஆள் கணக்கு மாறும்தான். ஆனால் இரிடியத்தின் வீரியமும் 74 நாளில் பாதியாகிவிடும். அதே டோஸ் கொடுக்க அதிக நேரம் பிடிக்கும். அவர் மச்சானுக்குப் புது இரிடியம் வாய்த்தது. "அப்ப எனக்குப் பழசா?" என்றார். அதற்கு என்ன சொன்னாலும் எடுபடாது.

முடிந்ததும் கதிரை அளக்கும் சர்வே மீட்டரை நோயாளியின் மேல் காட்டிப் பார்ப்பது விதி. அப்போதும் அது பூஜ்யம் காட்டாது. மண்ணிலும் சுவரிலும் இருக்கும் இயற்கைக் கதிரை அது விடுவதில்லை. அதனால் சிகிச்சைக்கு முன்பே மனைவியைக் கூப்பிட்டு ஓர் அளவு காட்டிவிடுவேன். பிறகும் அதேதான். அந்தப் பெரியவரின் மனைவி அதற்கும் மசியவில்லை. "எம்மேல வச்சுக் காட்டுங்க." வைத்தேன். அவர் மீதும் அதே எண். சரி என்று தலையாட்டிவிட்டு, ரசம் சோறு எப்போது கொடுக்கலாம் என்று கேட்க சிஸ்டரைத் தேடிப் போனார்.