மூட்டத்திலும் வழி தெரிய: சைக்கிள் விளக்கை நாமே செய்வது

குன்னூர், கோத்தகிரி பக்கம் இருட்டோடு சைக்கிள் எடுப்பவர்களுக்கு இருட்டைவிடப் பெரிய தொல்லை பனிமூட்டம். வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பெரிய விளக்காக வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டுகிறார்கள். மூட்டத்திலுள்ள நீர்த்துளிகள் அந்த ஒளியைக் கண்ணுக்கே திருப்பி அனுப்பும். முன்னால் வெள்ளைத் துணி கட்டியதுபோல் ஆகிவிடும். ஹெல்மெட் விளக்கு இன்னும் மோசம், கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால். மலைக்கு ஏற்றது தாழ்வாகப் பொருத்திய, குறுகலாக அடிக்கும் 3 வாட் எல்இடி ஒன்று.

விளக்கின் கூட்டுக்கு அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் கழிவாகக் கிடக்கும் 25 மி.மீ. சதுரக் குழாய் 6 செ.மீ. போதும். 20 மி.மீ. நட்சத்திரத் தகட்டில் வரும் எல்இடி அதற்குள் அடங்கும். உள்ளே ஒரு அலுமினியப் பட்டையைக் குறுக்காகத் திருகி, சூட்டைக் கடத்தும் ஹீட் சிங்க் பேஸ்ட் தடவி, அதன்மேல் தகட்டை இறுக்குங்கள். பசை டேப் போட்டு ஒட்டினால் சூடு வெளியேறாது. எல்இடி சீக்கிரமே மங்கிவிடும். முன்னால் 15 டிகிரி லென்ஸ்.

மின்சாரம் 18650 எனும் ரீசார்ஜ் செய்யும் லித்தியம் செல் ஒன்றிலிருந்து. எல்இடியின் பிளஸ் செல்லின் பிளஸுக்கு. எல்இடியின் மைனஸ், மின்னோட்டத்தை அளவோடு விடும் ஏஎம்சி7135 சிப்பின் அவுட் காலுக்கு. சிப்பின் விடிடி கால் செல்லின் பிளஸுக்கு, கிரவுண்ட் செல்லின் மைனஸுக்கு. ஒரு சிப் 350 மில்லி ஆம்பியர் விடும். இரண்டைப் பேரலலாகச் சேர்த்தால் 700. 2500 மில்லி ஆம்பியர் மணி செல் மூன்றரை மணி நேரம் வரும். குளிரில் அதைவிடக் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள். செல் இறங்க இறங்க விளக்கு மெல்ல மங்கும். சட்டென அணைந்து கொண்டை ஊசி வளைவில் மாட்டிவிடாது. எனக்கு இந்தச் சிப் பிடித்திருப்பதே அதனால்தான்.

சார்ஜுக்கு டிபி4056 போர்டு. பாதுகாப்புச் சுற்றோடு வரும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். பலரும் தவறுவது இங்கே: விளக்கு ஒயரை 'பி' முனைகளில் பற்றவைத்துவிடுவார்கள். அப்போது பாதுகாப்புச் சுற்றைத் தாண்டி மின்சாரம் போகும், செல் அடியோடு வடிந்து கெடும். 'பி' முனைகள் செல்லுக்கு மட்டும். மேலே செல்லின் பிளஸ், மைனஸுக்கு என்று சொன்ன விளக்கு ஒயர்கள் போர்டின் 'அவுட்' முனைகளில்.

ஈரம்தான் மலையில் விளக்கைக் கொல்கிறது. சிலிகான் பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அதை எடுத்து வைத்துவிடுங்கள்; அந்த அமிலப் புகை செம்பு ஒயரையும் பற்றவைப்பையும் பச்சை பூக்க வைக்கும். வாடையில்லாத நியூட்ரல் சிலிகான் கேளுங்கள். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே வியர்க்கும். கூட்டின் அடியில் 2 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். ஒயர் உள்ளே நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பொருத்தும் இடம் முன் ஃபோர்க்கின் தலை, பிரேக் போல்ட் போகும் துளை. தரையிலிருந்து 70 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியின் நடு 35 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். அப்படியானால் 10 மீட்டரில் தரையைத் தொடும். 20 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரம் 2 நொடிக்குள் முடிந்துவிடும். இறக்கத்தில் பிரேக் பிடித்தபடிதான் வர வேண்டும். தேயிலைத் தோட்ட ஓரத்தில் காட்டெருமை நின்றால் கறுத்த உடம்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே உள்ள வெள்ளைதான் முதலில் தெரியும். தாழ்ந்த விளக்கு அந்த உயரத்தில்தான் அடிக்கிறது.

பின்விளக்கு சுலபம். 5 மி.மீ. சிவப்பு எல்இடி ஐந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 120 ஓம் ரெசிஸ்டர், எல்லாம் அதே 'அவுட்' முனைகளுக்கு. ஐந்துக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் ஒன்று அதிகம் இழுத்து முதலில் கருகும். மினுக்க விடாதீர்கள், மூட்டத்தில் மினுக்கும் விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று பின்னால் வரும் பஸ் டிரைவருக்குப் பிடிபடாது.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி கொட்டும்போது செல்லை வெளியே வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும், ஆபத்தும் உண்டு. கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், கைக்குச் சில்லிடாத நிலை வந்தபிறகு செருகுங்கள்.