சினைக்கு வராத செல்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கொட்டகையில் எப்போதும் நான்கைந்து மாடுகள் நிற்கும். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் அப்பா மாடுகளை விடவில்லை. கத்தலைக் கேட்டே எந்த மாடு சினைக்கு வந்து காளையைத் தேடுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கொட்டகையில் வளர்ந்ததால்தான் முதுகலை ஆய்வுக்கு மாட்டின் சினைப்பையை எடுத்துக்கொண்டேன்.

"மாட்டை அறுக்கிற இடத்துக்கா போகிறாய்?" என்று கேட்ட அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே புதிய பிளாஸ்க் ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தார். ஆன்டிபயாடிக் கலந்த வெதுவெதுப்பான உப்புநீரில் சினைப்பைகளை இட்டு, அந்த பிளாஸ்க்கில்தான் ஆய்வகத்துக்குக் கொண்டு போனேன்.

சினைப்பையின் மேல் தெரியும், முட்டை வளரும் சிறு நீர்க்குமிழிகளில் ஊசியைச் செருகி நீரை உறிஞ்ச வேண்டும். குமிழியின் உட்சுவரில் படிந்திருக்கும் கிரானுலோசா செல்கள் நீரோடு வரும். ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் இரத்தம் கலந்துவிடும். முதல் மூன்று தடவையும் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கழுவிச் சுத்தமாக்கி டிரிப்பான் நீலம் என்ற சாயம் ஏற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் நீலம், அதாவது செத்த செல்கள். என் கைப்பிழை என்றே வருந்தினேன். பெரும்பாலான குமிழிகள் முட்டையை வெளியிடாமல் தாமாகவே அழிபவை என்று ஆசிரியை விளக்கிய பிறகுதான் தெளிந்தேன்.

மாட்டின் உடற்சூடு ஏறக்குறைய 38.5 டிகிரி. இன்குபேட்டரையும் அதே சூட்டில் வைத்து, வளர்ப்பு ஊடகத்தில் 10 விழுக்காடு கன்றுக்கரு சீரம் சேர்த்தேன். சில நாட்களில் செல்கள் தட்டையாகப் படர்ந்து வளர்ப்புத் தட்டை நிறைத்துவிட்டன. மகிழ்ச்சி தாளாமல் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஹார்மோன் சோதனை முடிவு வந்தபோது மாட்டைச் சினைக்கு வரவைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறக்குறைய இல்லவே இல்லை. புரோஜெஸ்டிரோன் மட்டும் ஏறியிருந்தது. முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் உருவாகும் மஞ்சள் திரளின் செல்களைப் போல அவை மாறியிருந்தன. அப்பாவிடம் சொன்னேன். "சினை பிடித்த மாடு அடங்குகிற மாதிரி அடங்கிவிட்டதா?" என்று கேட்டார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. மாட்டை அப்படி அடக்கி வைப்பதும் இந்தப் புரோஜெஸ்டிரோன்தான்.

சீரம்தான் இந்த மாற்றத்தைத் தூண்டுகிறது என்பதால் அதை அடியோடு நிறுத்தினேன். இன்சுலினும் மிகச் சிறிய அளவில் குமிழிகளை வளர்க்கும் எப்.எஸ்.எச். ஹார்மோனும் கொடுத்தேன். கூடவே ஈஸ்ட்ரோஜனுக்கு மூலப்பொருளான ஆண்ட்ரோஸ்டீன்டையோன். கிரானுலோசா செல்லால் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்டாக்க முடியாது. உடலுக்குள் அதற்கான மூலப்பொருளைப் பக்கத்திலுள்ள தீக்கா செல்கள்தான் தருகின்றன. செல்களை நெருக்கி விதைத்தாலும் பழைய மாற்றமே வரும் என்பதால் எண்ணிக்கையையும் குறைத்தேன்.

இந்த முறை செல்கள் படரவில்லை. உருண்டு, கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, பார்க்க நோஞ்சானாக இருந்தன. தட்டைக் கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பொறுத்திருந்து ஆறாம் நாள் ஊடகத்தைச் சோதனைக்குக் கொடுத்தேன். ஈஸ்ட்ரோஜன் ஏறியிருந்தது. அன்று இரவே வீட்டுக்கு அழைத்தேன். அம்மாதான் எடுத்தார். "சினைக்கு வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்" என்றேன்.