ஜேர்மனியில் ஒரு செத்தவீடு: அப்பாவைக் கீரிமலை வரை கொண்டுசேர்த்த கதை

ஜேர்மனியில் செத்தவீடு செய்வது எப்படி என்று எங்கள் ஆட்கள் யாரும் முன்கூட்டி விசாரிப்பதில்லை. அபசகுனமான கதை என்று வாயை மூடிவிடுவோம். பிறகு அந்த நாள் வரும்போது சட்டமும் சடங்கும் ஒரே மேசையில் வந்து உட்காரும். நாங்கள் இருப்பது நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலம். புதைப்பதும் எரிப்பதும் இங்கே மாநிலச் சட்டம் என்பதால், வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்குச் சில விவரங்கள் மாறும்.

அப்பா வீட்டில்தான் இறந்தார். நீண்டகால வருத்தம், குடும்ப வைத்தியருக்கு எல்லாம் தெரியும். அவரே வந்து பார்த்து இறப்புச் சான்றிதழ் எழுதினார். வருத்தத்தின் வரலாறு தெரியாத வைத்தியர் வந்து, இறப்பின் தன்மை தெளிவில்லை என்ற கட்டத்தில் அடையாளம் போட்டால் பொலிஸ் வரும். அரச வழக்குத்தொடுநர் விடும்வரை உடல் உங்கள் கையில் இல்லை. ஆகவே வீட்டில் நோயாளி இருந்தால் ஆஸ்பத்திரிக் கடிதங்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

உடலை 36 மணித்தியாலத்துக்குள் பிணவறைக்கு மாற்ற வேண்டும். இங்கே பலர், உயிர் போனவுடனேயே ஆளைக் கூப்பிட்டு உடலை அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் ஓர் இரவு வைத்திருந்தோம். குத்துவிளக்கு, தேவாரம், அம்மாவின் ஒப்பாரி. மேல்மாடிக் கிழவி கதவைத் தட்டியபோது சத்தம் கூடிவிட்டது என்று முறையிட வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் சின்ன வயதில் ஊரில் மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்து பார்ப்பார்கள் என்றார். ‘அவர்கள் கலாசாரம்’ என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில் பாதி, இரண்டு தலைமுறைக்கு முன் அவர்களிடமும் இல்லாதது.

அடுத்தது பெஸ்டாட்டர், அதாவது இறுதிச் சேவை செய்பவர். நல்லவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எரிப்பதற்கும் பெட்டி கட்டாயம் என்று அவர் படப் புத்தகத்தை விரித்தார். “எரிக்கிற பெட்டிக்கு எதுக்குப் பித்தளைக் கைபிடி?” என்று அம்மா கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்காமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மலிவான பெட்டிகள் அங்கேதான் இருந்தன.

பதிவு அலுவலகத்துக்கு மூன்றாவது வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு வேண்டும்; பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் டொச் (ஜேர்மன்) மொழிபெயர்ப்பும் வேண்டும். அப்பாவின் பிறப்புப் பத்திரம் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டோடு போனது. ஊருக்கு அறிவித்துப் பிரதி எடுக்க மாதக்கணக்காகும். நான் கலங்கிப்போனேன், அலுவலர் கலங்கவில்லை. ஆவணம் முழுமையாக வரும்வரை பதிவைப் பிற்போட்டிருப்பதாக ஒரு கடிதம் தருவார்கள். தகனத்துக்கு அது போதும். கேட்டால்தான் சொல்வார்கள்.

எரிப்பதற்கு முன் இன்னொரு வைத்தியர் உடலைப் பார்ப்பார். இதைச் சொன்னதும் யாழ்ப்பாணத்திலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் கத்தினார்: “வெட்டப்போறாங்களோ?” இல்லை, வெளிப்பார்வைதான். எரித்தபின் திரும்பப் பரிசோதிக்க உடல் இருக்காது, அதுதான் காரணம்.

சடங்குக்கு வருவோம். அண்ணா ரொறொன்ரோவிலிருந்து வரவேண்டும். பத்து நாளுக்குள் தகனம் முடிய வேண்டும் என்பது சட்டம். அதற்குள் கிரியை செய்யும் ஐயாவின் பஞ்சாங்கம், தகனசாலையின் அட்டவணை, அண்ணாவின் விமானம் மூன்றும் பொருந்த வேண்டும். அங்கே மண்டபம் ஒரு குடும்பத்துக்கு அரை மணித்தியாலம். எங்கள் கிரியைக்கு இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். பெஸ்டாட்டர் அன்றைய கடைசி நேரங்களைத் தொடர்ச்சியாக எடுத்துத் தந்தார். அதற்கும் காசுதான்.

கிரியைகளை ஒவ்வொன்றாக எழுதி அவருக்கு முன்பே அனுப்பியிருந்தேன். குளிப்பாட்டி வேட்டி கட்ட அவருடைய இடத்திலேயே அறை தந்தார். வாய்க்கரிசி சரி. சுண்ணம் இடிக்க உரல் கொண்டுவரலாமா? சரி. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கலாமா? மண்டபத்துக்குள் முடியாது, புகை உணர்கருவி அடிக்கும். கொள்ளிக்குடத்தை வெளியே புல்லில் உடைக்கலாம், ஓட்டை நாங்களே கூட்டி அள்ள வேண்டும். பந்தத்தை வாசலுக்கு வெளியே பிடித்தோம். நவம்பர்க் காற்றில் அது இரண்டு தடவை அணைந்தது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை, திரும்பக் கொளுத்தினார்.

கொள்ளி வைப்பதுதான் சிக்கல். உலையில் அண்ணா தீ மூட்ட முடியாது. அது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். பெட்டி உள்ளே போனதும் தானாகப் பற்றும். அவர்கள் தரக்கூடியது பெட்டியை உள்ளே அனுப்பும் ஒரு பொத்தான். முதலில் மண்டபத்தில் பெட்டியின் தலைமாட்டில் கற்பூரம் காட்டி மந்திரம் சொல்லி அதையே கொள்ளியாக்கினார் ஐயா. பிறகு அண்ணா பொத்தானை அழுத்தினான். அவனோடு அம்மாவும் நானும் உலை வரை போனோம். பொம்பிளைகள் சுடலைக்குப் போவதோ என்று சித்தப்பா திரையில் முகத்தைச் சுளித்தார். பத்திரம், தொலைபேசி, காசு என்று எல்லாவற்றுக்கும் ஓடியவள் நான்; அந்த இடத்தில் மட்டும் வாசலில் நிற்கச் சொன்னால் எப்படி? உண்மையில் பெரிய மோதல் எங்களுக்கும் ஜேர்மன்காரருக்கும் நடுவில் நடக்கவில்லை. எங்களுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில்தான் நடந்தது.

அப்பாவோடு வேலை செய்தவர்கள் கறுப்பு உடுப்பில் வந்திருந்தார்கள், நாங்கள் வெள்ளையில். முடிந்ததும் கோப்பி எங்கே என்று தேடினார்கள். அடக்கம் முடிய உட்கார்ந்து கேக்கும் கோப்பியுமாக இறந்தவரைப் பற்றிக் கதைப்பது இங்கத்தைய மரியாதை. எங்களுக்கோ துடக்கு, குளித்துவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். அண்ணாவின் மனைவி அவர்களைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனாள்.

சாம்பல்தான் எல்லாவற்றிலும் கடினம். ஊரில் காடாற்றுச் சடங்கில் எலும்பு பொறுக்கிக் கையில் எடுத்துவிடுவோம், 31-ஆம் நாள் அந்தியேட்டியில் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைப்போம். ஜேர்மனியில் 1934-இல் வந்த தகனச் சட்டம் எரிப்பதைப் புதைப்பதற்குச் சமமாக்கியது. கூடவே சாம்பலும் மயானத்துக்குத்தான் போக வேண்டும் என்றது. அந்தக் கட்டாயம் பெரும்பாலான மாநிலங்களில் இன்னும் உண்டு. எங்கள் மாநிலத்தில் ஆறு கிழமைக்குள் சாம்பலைச் சேர்த்துவிட வேண்டும். இதே மாநிலத்தின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவில் தீர்த்தமாடுவது அங்குள்ள கால்வாயில்தான். அதே கால்வாயில் ஒரு பிடி சாம்பல் போட முடியாது.

சிலர் எல்லை தாண்டி நெதர்லாந்தில் எரிக்கிறார்கள். அங்கே ஒரு மாதம் தகனசாலையில் வைத்திருந்து பிறகு குடும்பத்திடம் கொடுப்பார்கள், அந்தியேட்டிக் கணக்குக்கு ஏறக்குறைய ஒத்துவரும். வடகடலிலோ பால்டிக் கடலிலோ கப்பலில் போய், கரையும் கலசத்தில் இறக்குவதும் சட்டபூர்வம். அம்மா கீரிமலை என்று நின்றார். அதற்கு, அங்கே முறையாகச் சேர்க்கப்படும் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று, தகனச் சான்றிதழ், கலசத்துக்கான பயணப் பத்திரம் ஆகியவற்றைப் பெஸ்டாட்டர் மூலம் எடுத்தோம். விமானத்தில் கொண்டுபோவதற்கு விமான நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு நுழைவாயிலில் செல்லாது.

வந்த கலசம் மூடி அடைத்த தகரக் குவளை. மேலே அப்பாவின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், தகனசாலையின் பெயர் பொறித்திருந்தது. பெட்டியோடு இலக்கமிட்ட ஒரு சுடுகல்லையும் உள்ளே வைப்பார்கள். சாம்பல் ஆள் மாறாமல் இருக்க அதுதான் அத்தாட்சி. எலும்பை அரைத்துவிடுவார்கள், பொறுக்க ஒன்றும் இராது. ஊரில் உள்ள குருக்களுக்கு இதை அண்ணா விளக்க வேண்டியிருந்தது. மூடியைத் திறக்கத் திருப்புளி தேடி மச்சான் மோட்டார் சைக்கிளில் ஓடினாராம்.

2025-இல் பக்கத்து ரைன்லாண்ட் பால்ஸ் மாநிலம் சட்டத்தை மாற்றி, ரைன், மோசல் போன்ற ஆறுகளில் கலசத்தை இறக்கவும் வீட்டில் வைத்திருக்கவும் வழி செய்திருக்கிறது. இறந்தவர் கடைசியாக அங்கே வசித்திருக்க வேண்டும், தன் விருப்பத்தை உயிரோடு இருக்கும்போதே எழுதியும் வைத்திருக்க வேண்டும். கொப்லென்ஸில் இருக்கும் சின்னம்மா எழுதிவிட்டார், மோசலாம். அம்மாவும் எழுதித் தந்திருக்கிறார்: கடைசிப் பக்கத்துப் பெட்டி, கீரிமலை, வந்தவர்களுக்குக் கோப்பியும் கேக்கும்.