நிலவு காணும்

படிப்பு என்றதும் எனக்கு ஒரு ஜாம் போத்தல்தான் ஞாபகம் வரும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. பள்ளியின் கடைசி வகுப்பான உயர்தரத்தை நான் படித்தது முழுக்க அந்தப் போத்தல் விளக்கில்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன் விலை. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய், பழைய சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்த ஒரு நூல் திரி. நெல்மணி அளவில் ஒரு சுடர், அவ்வளவுதான்.

கணித சேரின் விறாந்தையில் நாங்கள் நாலு பேர். மேசை நடுவில் போத்தல், சுற்றிவர நாலு கொப்பி. ஒருவன் குனிந்தால் மற்றவனின் கணக்கில் நிழல் விழும். அதனால் நிமிர்ந்திருந்து எழுதப் பழகினோம். சேர் எங்களிடம் ஒரு சதமும் வாங்கியதில்லை. சீனி கிடைக்காத நாட்களில் பனங்கட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு தருவார். அதைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடிப்போம். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோக எங்களுக்குள் முறை வைத்திருந்தோம். ஒருநாள் என் முறை வந்தபோது வீட்டுப் போத்தல் வறண்டு கிடந்தது. அம்மம்மா ஒன்றும் பேசாமல் குசினி விளக்கை நூர்த்து, அதிலிருந்ததை என் குப்பியில் சொட்டுச் சொட்டாக வடித்தார்.

"உங்களுக்கு, அம்மம்மா?"

"எனக்கு நிலவு காணும், மோனை. நீ போ."

நான் திரும்பி வந்தபோது முற்றத்தில் பாய் விரித்து, நிலவு வெளிச்சத்தில் புட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கும் ஒரு பிடி உருட்டித் தந்தார். காணும், அதாவது போதும், என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு குறையும் இருக்காது. சோற்றுக்கும் அதே சொல், சேலைக்கும் அதே சொல்.

அது நல்ல காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எங்களோடு படித்த சிலர் இன்று இல்லை. ஆனால் கையில் இருப்பதை இருப்பதாகப் பார்க்க நான் கற்றது அந்த விறாந்தையிலும் முற்றத்திலும்தான். இப்போது விடியக் குழாயைத் திறந்ததும் சுடுதண்ணி வருகிறதே, அதில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பேன். அந்த நேரம் அம்மம்மாவையும் சேரையும் நினைத்துக்கொள்வேன். அன்றைய நாள் சந்தோஷமாகவே தொடங்கும்.

2003 ஆகஸ்ட் 14 பின்னேரம் கனடாவின் ரொறொன்ரோ முழுக்க மின்சாரம் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் அப்போது அந்த நகரின் ஸ்காபரோ பகுதியில் அண்ணா வீட்டில் இருந்தேன். அண்ணாவின் மகளுக்கு ஏழு வயது. இருட்டைக் கண்டு அழத் தொடங்கிவிட்டாள். ஒரு ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்து, பஞ்சு வைத்து, நல்லெண்ணெய் விட்டுத் திரி போட்டேன். கை மறக்கவில்லை. சுடர் பிடித்ததும் அழுகை நின்றது.

"இன்னும் பெரிசாக்குங்கோ, சித்தப்பா."

"காணும், பிள்ளை."

அவளுக்கு அது காணவில்லை. தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனேன். தெருவில் ஒரு விளக்கும் இல்லை. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள், நிலவு எழும்பச் சற்றுப் பிந்தியது. எதிர்க் கட்டடத்துக்கு மேலே அது வந்தபோது, என் தோளில் கிடந்த தலையை நிமிர்த்தி அவளே எனக்குக் கை காட்டினாள்.