சேர் தந்த சீஆர் கொப்பி

கடந்த மார்கழியில் தம்பி வவுனியாவிலிருந்து கூப்பிட்டு, "அண்ணை, குளத்துச் சேர் போயிட்டாராம்" என்றான். அவருடைய பெயரை நான் இங்கே எழுதத் தேவையில்லை. நம் கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படித்த எவருக்கும் குளத்துச் சேர் என்றால் அந்த ஒரு ஆசிரியர்தான். அன்று வேலைக்குப் போகவில்லை.

நம் சங்கத்து மலர்க் குழுவினர் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கட்டுரை கேட்பார்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிவிடுவேன். சேருக்கு எழுதித் தர வேண்டிய ஒன்று பாக்கியாக இருக்க, மலருக்கு வேறொன்று எழுத மனம் வரவில்லை. இப்போது அவர் இல்லை. தாமதமாக என்றாலும் எழுதிவிடுகிறேன்.

தண்டவாள மணி, மாமரத்தடி வகுப்பு, சூடடிப்பு வந்தால் பாதி வாங்கு காலியாகிவிடும் நாட்கள் எல்லாம் உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். சேரும் வடமராட்சிக்காரர்தான். ஆனால் அவர் ஓடமாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் போய்க் கிழவர்களோடு கதைத்துக்கொண்டிருப்பார்.

1974 இல் நான் ஒன்பதாம் வகுப்பு. முதல் பாடத்தில் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பெயரும் ஊரும் கேட்டார். என் முறை வந்ததும் என் தாத்தா, அப்புவின் ஊரைச் சொன்னேன். வடமராட்சியில் ஒரு சின்னக் கிராமம். இரண்டு கலியாணத்துக்கும் ஒரு செத்தவீட்டுக்கும் மட்டுமே அங்கே போயிருந்தேன். ஆனால் போன ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர் "கொலனிப் பெடியன் வந்திட்டான்" என்று சொன்னது எனக்குள் கிடந்தது. கொலனி, அதாவது குடியேற்றத் திட்டத்து ஊர், என்று வாயால் சொல்ல வெட்கம்.

"அங்கை கோயில் கேணி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெரியவில்லை.

"சரி, உங்கடை வயலுக்கு எந்த வாய்க்காலாலை தண்ணி வருது?"

அது தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "உன்ரை அப்பு முதல் கொட்டில் போட்ட இடம் எது எண்டு கேட்டுக்கொண்டு வா. அதுமட்டும் வெளியிலை நில்" என்றார். இரண்டு பாடம் விறாந்தையில் நின்றேன். தண்ணீர் குடிக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவரை வெறுத்தேன். ஐம்பது வருடம் கழிந்தும் அந்த விறாந்தைத் தூணின் சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியிருப்பது போல இருக்கிறது.

அப்பு நான் சொன்னதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. விடிந்ததும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பாலை மரத்தடியில் இறக்கினார். கரடிப்போக்குச் சந்தியிலிருந்து மேற்கே, வாய்க்கால் திரும்புகிற இடம். "இஞ்சைதான்" என்றார்.

அப்புறம் அவர் சொல்லத் தொடங்கினார். குடியேற்றம் தொடங்கியது 1936 இல். அதற்கு அடுத்த வருடங்களில் வந்தவர்களில் அப்புவும் ஒருவர். 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கோடாலி, கத்தி, ஒரு சாக்கு அரிசியோடு தம்பியாரையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். இரவில் பரணில் படுக்கை, கீழே நெருப்பு. கரடிப்போக்கு என்ற பெயர் எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் மிருகத்தைவிட நுளம்புதான் கொன்றது. இரண்டாம் வருடம் தம்பியார் குளிர்காய்ச்சலில் போய்விட்டார். கொயினா மருந்தைக் கசக்கக் கசக்க விழுங்கியும் பிழைக்கவில்லை. 1946 இல் டீ.டீ.ரீ. நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கிக் காய்ச்சல் குறைந்த பிறகுதான் ஆச்சி பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்.

திங்கட்கிழமை இதை வகுப்பில் சொன்னேன். சேர் மேசை லாச்சியிலிருந்து கெட்டி மட்டை போட்ட தடித்த சீஆர் கொப்பி ஒன்றை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். அதில் ஏற்கெனவே பலருடைய கதை இருந்தது. அப்புவின் கதையும் ஏறியது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் என்னுடைய சைக்கிளும் போனது.

நம் ஊர் எப்படி வந்தது என்பதை அவர் சொல்லித்தந்த விதத்தை நான் வேறெங்கும் காணவில்லை. இரணைமடு என்றால் இரட்டை மடு. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902 இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. நடுவில் 1905 இல் வடக்குக்கான ரயில் பாதை நம் ஊரைக் கடந்து போய்விட்டது. "ரயில் வந்திட்டுது, குளம் வந்திட்டுது, ஊர் ஏன் வரேல்லை?" என்று கேட்பார். காய்ச்சலுக்குப் பயந்து ஆள் தங்கவில்லை என்பதுதான் விடை. அங்கே குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, கிணறு இறைத்த தோட்டம் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிந்து பிரிந்து பாய் அகலத்துக்கு வந்துவிட்டது. வேலையும் இல்லை. அந்த நெருக்கடிதான் கடைசியில் ஆட்களை ஆனையிறவுக்குத் தெற்கே தள்ளியது.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தையும் அவர்தான் விளங்கப்படுத்தினார். போமிற் காணியை, அதாவது அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியை, இஷ்டத்துக்கு விற்க முடியாது, துண்டு போடவும் முடியாது, பின்னுரித்தாளி என்று ஒருவரைத்தான் எழுதலாம். யாழ்ப்பாணத்தில் நடந்தது இங்கேயும் நடக்கக்கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு ஆண்கள். காணி மூத்த அண்ணருக்கு. மற்ற மூன்று பேரும் இன்று மூன்று நாட்டில் இருக்கிறோம். சண்டையால் வெளிக்கிட்டோம் என்று எல்லாரிடமும் சொல்கிறோம். அது உண்மைதான். அதற்கு முன்பே எங்களுக்கு அங்கே காணி இல்லை என்பதும் உண்மை.

எழுபதுகளில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்வீடு எழும்பியது, உழவு மெஷின் வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த சனம் காட்டோரத்தில் கொட்டில் போட்டது. அவர்களின் கைகள்தான் நம் மிளகாய்த் தோட்டங்களில் பழம் பிடுங்கின. சேர் அவர்களிடமும் கொப்பியோடு போனார். "உதையெல்லாம் என்னத்துக்கு எழுதுறியள்?" என்று நம்மவர் சிலர் முகம் சுளித்தார்கள். நாற்பது வருடத்துக்கு முன் தாங்களும் பரணில் படுத்தவர்கள் என்பதை மறந்துவிட்டார்கள். சேருக்குக் கோபம் வந்து நான் பார்த்த ஒரே இடம் அதுதான்.

1983 கடைசியில் கொப்பியை என்னிடம் தந்து, "உன்ரை எழுத்து வடிவு. திருத்தமாய் ஒரு பிரதி எழுதித் தா" என்றார். பதினொரு பக்கம் எழுதினேன். அடுத்த வருடம் கிளிநொச்சி தனி மாவட்டமானது. அதே வருடம் நான் வெளிக்கிட்டேன். அவரிடம் சொல்லக்கூட இல்லை. கொப்பியையும் பிரதியையும் அம்மாவின் றங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததும் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. 1996 இல் இராணுவம் வந்தபோது அம்மா எடுத்துக்கொண்டு ஓடியது பானை, பாய், அண்ணருடைய போமிற். பெட்டி அங்கேயே போயிற்று.

2012 இல் ஊருக்குப் போனேன். தண்ணீர்த் தாங்கி தெருவோரத்தில் சரிந்து கிடந்தது. சேர் தகரக் கொட்டில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டதும் வேறொன்றும் கேட்கவில்லை.

"கொப்பி?"

சொன்னேன். கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. ஞாபகம் இருக்கிறதை எழுது. பிழை இருந்தால் இருக்கிற ஆக்கள் திருத்துவினம்" என்றார். அதையும் நான் அவர் இருக்கும்போது செய்யவில்லை.

கொப்பியில் இருந்தவர்களில் ஆறு பேருடைய கதை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவற்றைத் தனியாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் அப்பு, ஆச்சி சொன்னது ஏதாவது இருந்தால் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு வரி என்றாலும் போதும்.

நான் பிரதி எடுத்த கடைசிப் பக்கம் ஆச்சியுடையது. பிள்ளைகளோடு அவர் வந்த கிழமையில்தான் குளத்து மதகான துருசு திறந்து வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஆச்சி துலாக் கிணற்றடியில் பட்டை பிடித்து வளர்ந்தவர். ஒருவரும் இறைக்காமல் தானாக நடந்து வருகிற தண்ணீரை அதற்கு முன் கண்டதில்லை. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீரின் முன்நுனியோடு கூடவே வயல் மட்டும் நடந்து போனாராம். சேர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வாய்க்காலின் இலக்கத்தைக் குறித்திருந்தார். எட்டு.