ரப்பர் மீனுக்கு எந்த முள்ளு? எண்ணூர் கொடுவாவ மனசுல வெச்சு

சாஃப்ட் பிளாஸ்டிக், அதாவது தூண்டில்ல இரைக்கு பதிலா மாட்டற ரப்பர் மீனு, புழு எல்லாம், வாங்கறப்போ எல்லாரும் கலரத்தான் பாக்கறாங்க. வெள்ளையா பச்சையா, வால் எப்டி ஆடுது, வாசனை இருக்கா இல்லையான்னு வாட்ஸப் குரூப்ல விடிய விடிய பேச்சு போகும், ஆனா அதுக்குள்ள போடற தூண்டி முள்ளு பத்தி பேச்சே வராது. என்ன கேட்டா கலர் எல்லாம் ரெண்டாவதுதான். கடிச்ச மீனு கைக்கு வருமா வராதான்னு முடிவு பண்றது முள்ளு, அதனால இத கொஞ்சம் பொறுமையா எழுதறேன்.

மொதல்ல நம்பர். வெறும் 1, 2, 4, 6ன்னு இருந்தா நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகிட்டே போகும். 1/0, 2/0, 3/0ன்னு பக்கத்துல சைபர் வந்துட்டா அப்படியே தலைகீழ், நம்பர் ஏற ஏற முள்ளும் பெருசாகும். சரி, இவ்ளோதானான்னா இல்ல, ஒரு கம்பெனியோட 3/0 இன்னொரு கம்பெனியோட 4/0 அளவுக்கு இருக்கும், எல்லாருக்கும் பொதுவா ஒரே அளவு கெடையாது. அதனால நம்பர மட்டும் நம்பி ஆர்டர் போடாம, முடிஞ்சா ரப்பர் மீன கையோட கடைக்கு எடுத்துட்டு போயி முள்ள அது மேல வெச்சு பாத்து வாங்குங்க.

வெச்சு பாக்கறப்போ கவனிக்க வேண்டியது கேப்புதான். அதாவது முள்ளோட முனைக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்கற எடைவெளி. ரப்பரோட தடிமன் போக இன்னும் அதே அளவு எடம் காலியா இருக்கணும், கம்மியா இருந்தா எடுக்காதீங்க. ஏன்னா மீனு கடிச்சு நீங்க ராட சுண்டி இழுக்கறப்போ ரப்பர் நசுங்கி, தண்டுல வழுக்கி, சுருண்டு போயி வளைவுக்குள்ள உக்காந்துக்கும், அதுவே எடத்த அடைச்சிட்டா முனை எதுல போயி ஏறும்? "நல்லா அடிச்சுது ப்ரோ, ஆனா மாட்டல"ன்னு யாராவது சொன்னா நான் மொதல்ல கேக்கறது உன் ரப்பர் எவ்ளோ தடிமன், கேப் எவ்ளோன்னுதான்.

அதனால ஒல்லியான புழு மாதிரி ரப்பருக்கு சாதாரண ரவுண்ட் பெண்ட் ஆஃப்செட் முள்ளே (அடி வளைவு வட்டமா, நரம்பு கட்டற கண்ணுக்கு பக்கத்துல தண்டுல ஒரு வளைப்பு இருக்கறது) போதும், 4 இன்ச்சுக்கு 2/0, 6 இன்ச்சுக்கு 3/0, 7 இன்ச்சுக்கு 4/0ன்னு வெச்சுக்கலாம். தொப்பையும் தடிமனுமா, வால் துடுப்பு மாதிரி இருக்கற பேடில் டெயிலுக்கு எக்ஸ்ட்ரா வைட் கேப், நம்ம பசங்க ஈ.டபிள்யூ.ஜின்னு சொல்றது, அதுதான் சரி. 4 இன்ச் மீனுக்கு 4/0, 5 இன்ச்சுக்கு 5/0 இல்லன்னா 6/0. ரொம்ப நீள முள்ளு போட்டு பாதி உடம்ப தாண்டி பின்னாடி போயிட்டா ரப்பர் கட்டை மாதிரி வரும், வால் ஆடாது.

இந்த அளவு கணக்கெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சிக்கணும். 1949ல அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல நிக் க்ரீம்னு ஒருத்தரும் அவர் மனைவியும் வீட்லயே பிளாஸ்டிக் புழு வார்த்து விக்க ஆரம்பிச்சாங்க, அங்கருந்து வளந்ததுதான் இது மொத்தமும். அங்க அவங்க புடிக்கறது லார்ஜ்மவுத் பாஸ், ஏரி மீனு, நல்ல தண்ணி. பாக்கெட் பின்னாடி இருக்கற சார்ட் பெரும்பாலும் அந்த மீனோட வாய்க்கும் பலத்துக்கும் போட்டது. நம்ம முகத்துவாரத்துல நிக்கறது கொடுவா.

இங்க அடியில என்ன இருக்குன்னு எண்ணூர் பக்கம் போடறவங்களுக்கு தெரியும். பாலத்துக்கு கீழ கல்லு, அறுந்த வலை, இப்போ சில வருஷமா காக்கா ஆழிங்கற சிப்பி வேற சேத்து மேல பாய் விரிச்ச மாதிரி படர்ந்து கெடக்கு. முனை வெளிய தெரியற ஜிக் ஹெட்ட (தலையில ஈயம் வார்த்த முள்ளு) அதுக்குள்ள எறக்கினா திரும்பி வரும்னு சொல்ல முடியாது. முனைய ரப்பருக்குள்ளயே மறைக்கற டெக்சஸ் ரிக்தான் இங்க தாங்கும். தாழங்குப்பத்துல வீச்சு வலை போடற அண்ணன் ஒருத்தர் இத கைல வாங்கி திருப்பி திருப்பி பாத்துட்டு, "இன்னா தம்பி, முள்ளே வெளிய காணோம், எப்டி மாட்டும்?"னு கேட்டாரு. "கடிச்சா ரப்பர் நசுங்கும்ணே, முள்ளு தானா வெளிய வந்துரும்"னு அவர் வெரலாலயே அமுக்கி காட்டினேன். "அப்போ ரப்பர் மெதுவா இருக்கணும், முள்ளு கூரா இருக்கணும்"னாரு. கரெக்ட்டா புடிச்சிட்டாரு.

கோக்கறது இப்படி. மூக்குல நேரா குத்தி ஒரு அரை சென்டிமீட்டர் உள்ள விட்டு அடிப்பக்கமா வெளிய எடுங்க. முள்ளோட கண்ணுக்கு பக்கத்துல இருக்கற அந்த வளைப்பு வரைக்கும் இழுத்து முள்ள திருப்புங்க, தலை அங்க உக்காந்துக்கும், கீழ எறங்காது. அப்புறம் ரப்பர் மீன தொங்க விட்டு முள்ளோட அடி வளைவு எங்க படுதோ அங்க குத்தி முதுகு வழியா முனைய எடுத்து, தோல்ல லேசா, நகம் அளவுக்கு சொருகி விடுங்க. மேல இருந்து பாத்தா உடம்பு நேரா இருக்கணும். கொஞ்சம் கோணினாலும் தண்ணில சுத்தும், நரம்பு முறுக்கிக்கும்.

அடுத்து முள்ளு செஞ்சிருக்கற கம்பியோட தடிமன். கொடுவா வாயத் தொறந்து தண்ணியோட சேத்து உறிஞ்சும், கடிச்ச உடனே குதிச்சு தலைய உதறும், வாயும் கெட்டி, செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும். அதுக்கு பாஸ் மீனுக்கு செஞ்ச மெல்லிசு கம்பி முள்ளு போட்டு 30 பவுண்டு பிரெய்டுல, அதாவது பின்னல் நரம்புல, இழுத்தா முள்ளு நிமிர்ந்து வந்துரும். ஹெவி வயர் எடுங்க. ஆனா தடி கம்பிய வாய்க்குள்ள ஏத்த ராடுலயும் தெம்பு வேணும், ரொம்ப தொளதொளன்னு இருக்கற அல்ட்ரா லைட் ராடுல 6/0 ஹெவி வயர் போட்டா அது முழுசா ஏறவே ஏறாது. லைட் ராடு வெச்சிருந்தீங்கன்னா சின்ன ரப்பர், 2/0, மெல்லிசு கம்பி, சின்ன மீனுன்னு அதுக்கு தகுந்த மாதிரி போங்க, தப்பே இல்ல. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் ஆகாயத்தாமரைக்குள்ள விரால் தேடறவங்களுக்கும் ஹெவி வயர்தான், மீனோட செடியும் சேந்துதான் வரும்.

உப்புத் தண்ணி விஷயத்தையும் விட்டுட கூடாது. கறுப்பு நிக்கல் பூச்சு முள்ளு பாக்க அழகா இருக்கும், உப்புல சீக்கிரம் துரு புடிச்சிரும். டின் பூச்சு இருக்கறது இன்னும் தாங்கும். எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவி காய வெச்சுட்டு பாக்ஸ்ல போடுங்க, ஈரத்தோட ரப்பருக்குள்ளயே விட்டா துரு உள்ளயே வேலைய காட்டும், பக்கத்துல இருக்கற முள்ளுக்கும் பரவும்.

புதுசா ஆரம்பிக்கறவங்க நெறைய வாங்க வேணாம். 4 இன்ச் பேடில் டெயில் ஒரு பாக்கெட், 4/0 ஈ.டபிள்யூ.ஜி ஹெவி வயர் ஒரு பாக்கெட், வயித்துல ஈயம் வெச்ச மாடல் கெடைச்சா இன்னும் நல்லது, மீனு நேரா நீந்தும். பிரிச்சதும் ஒவ்வொரு முள்ளையும் கட்டவெரல் நகத்து மேல வெச்சு லேசா இழுத்து பாருங்க. புடிச்சா கூர், வழுக்கினா மொக்கை. புது பாக்கெட்லயும் ஒண்ணு ரெண்டு மொக்கை வரும், அத அரத்துல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு கட்டுங்க.